ஆளப்பட்டோர் நடுவே ஓர் ஆசான்

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவில், ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில், பெரும் பாறைகளின் இடையே அமைந்துள்ளது அளுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், புத்தர் பெருமானின் போதனைகளாகிய திரிபிடகம் இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது வழிவழி வந்த வரலாறு. அதுகாறும் அப்போதனைகள் பிக்குமாரின் நாவிலும் செவியிலுமே வாழ்ந்து வந்தன. போரும் கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டிய நாளில், மனனம் செய்திருந்தோர் மடிந்தால் போதனையும் அவர்களோடு மடிந்துபோகுமே என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சமே அவர்கள் கையில் எழுத்தாணியைக் கொடுத்தது.

புத்தர் தம் கையால் நூல் எழுதியவரல்லர். அளுவிகாரையில் எழுத்தாணி ஓடிய காலத்துக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து, மேற்காசியாவிலே மத்தியதரைக் கடலை அடுத்த சிறு நாடொன்றில் போதித்த இயேசு பெருமானும் நூல் எதனையும் எழுதவில்லை. யோவானின் நற்செய்தி நூலில் ஒரேயொரு காட்சியில், அவர் குனிந்து நிலத்தில் விரலால் எழுதினார் என்ற குறிப்பு உண்டு. ஆயின், எழுதியது யாதென்று எவரும் குறித்து வைக்கவில்லை. இன்று உலக மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர் அளவில் தம்மை அவருடைய பெயரால் அழைத்துக்கொள்கின்றனர். அவரைப் பின்பற்றாதோரும் அவருடைய உவமைகளை அறிவர். எனினும், அவர் எத்தகைய நாட்டில், எவருடைய ஆட்சியின்கீழ், எத்தகைய மாந்தரிடையே பேசினார் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாடசாலைத் தேர்வில் செய்யுளடிக்கு இடஞ்சுட்டிப் பொருள் விளக்குமாறு கேட்பார்கள். இடத்தைச் சுட்டாமல் பொருள் மட்டும் கூறினால் விடை முழுமையாகாது. இயேசுவின் வாழ்வுக்கும் இது பொருந்தும்.

இடஞ்சுட்டும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. இலங்கையில் அவருடைய பெயரைப் பலர் முதலில் கேட்டது, கப்பலேறி வந்து கோட்டை கட்டியவர்களின் வாயிலாக. ஆதலின் அவரை ஆட்சியாளரின் தெய்வமாகவே பலர் கருதினர். தமிழில் அவருக்கு வழங்கும் 'ஆண்டவர்' என்ற சொல்லும் அவ்வெண்ணத்துக்குத் துணை செய்தது போலும். ஆனால் வரலாற்றில் அவர் ஒரு சாண் நிலத்தையும் ஆண்டவரல்லர். அந்நியருக்கு வரி செலுத்திய ஒரு மக்கட் கூட்டத்திலே பிறந்து, அந்நியரின் தண்டனையால் இறந்தவர் அவர்.

அவரைப் பற்றி அறிய உதவும் சான்றுகள் யாவை? அவருடைய அடியார்கள் எழுதியவற்றுள் மிகப் பழையவை பவுலின் கடிதங்கள். அவை கி.பி. 50 ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்குகின்றன. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்போரின் பெயரால் வழங்கும் நான்கு நற்செய்தி நூல்களுள் மாற்கின் நூலே முந்தியது என்றும், அது கி.பி. 70 ஆம் ஆண்டையொட்டி எழுந்தது என்றும் ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். ஏனைய மூன்றும் பெரும்பாலும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் எழுந்தவை. அடியார் அல்லாதோரும் அவரைக் குறிப்பிட்டுள்ளனர். யூத வரலாற்றாசிரியர் யோசேப்பசு, 'கிறிஸ்து' எனப்பட்ட இயேசுவின் சகோதரர் யாக்கோபு என்று ஓரிடத்தில் எழுதுகிறார். உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டசு, திபேரியு பேரரசன் காலத்தில் பிலாத்து என்ற அதிகாரியால் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிக்கிறார்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள். அவ்விடைவெளியில் கேட்டவர்களின் நினைவே ஏடாக இருந்தது. இயேசு பேசியது கலிலேய நாட்டு மக்களின் அரமேய மொழி. நூல்கள் எழுந்ததோ, அப்பேரரசின் கீழைப் பகுதியில் ஆட்சிக்கும் வாணிபத்துக்கும் பயன்பட்ட கிரேக்க மொழியில். ஊர்ப்பேச்சில் கூறியது அதிகார மொழியில் பதிவாகும்போது நேரும் மாற்றத்தை, கச்சேரி மொழி ஒன்றும் வீட்டு மொழி ஒன்றுமாய் நெடுங்காலம் வாழ்ந்த இலங்கை மக்கள் எளிதில் உணர்வர். நான்கு நூல்களும் சிற்சில இடங்களில் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவை நீதிமன்றக் குறிப்பேடுகள் அல்ல. நம்பிக்கை கொண்டோர் தம் நம்பிக்கையை விளக்க எழுதிய நூல்கள். அவ்வாறு உணர்ந்து படிப்போருக்கு, அக்காலத்து மண்ணும் மக்களும் அவற்றிலே தெளிவாகத் தோன்றுவர்.

கி.மு. 63 இல் பொம்பே என்னும் உரோமத் தளபதி எருசலேமைக் கைப்பற்றினான். பின்னர் உரோமரின் ஆதரவோடு அரசனாக வீற்றிருந்த ஏரோது கி.மு. 4 இல் இறந்தான். இயேசு பிறந்தது ஏரோதின் காலத்தில் என்று மத்தேயுவும் லூக்காவும் கூறுவதால், அவர் பிறப்பு கி.மு. 6 க்கும் 4 க்கும் இடைப்பட்டதாக வேண்டும் என்பது பெரும்பாலோர் முடிபு. கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன்னரா என்று கேட்போர் நகைக்கலாம். இன்று வழங்கும் ஆண்டுக் கணக்கை வகுத்தவர், ஐந்து நூற்றாண்டுகளின் பின் வாழ்ந்த டையனீசியசு என்ற துறவி. கி.பி. 525 இல் அவர் செய்த கணக்கு சில ஆண்டுகள் பிசகிவிட்டது.

இயேசு வளர்ந்த நாசரேத்து மிகச் சிறிய ஊர். அவர் தச்சர் குடும்பத்தவர். மரத்தோடு கல்லிலும் வேலை செய்யும் கைவினைஞரையும் அக்கிரேக்கச் சொல் குறிக்கும். நாசரேத்திலிருந்து நான்கு மைல் அளவில் செப்போரி என்ற நகரம் இருந்தது. ஏரோது இறந்தவுடன் அங்கே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். உரோமப் படை வந்து நகரத்தைத் தீக்கிரையாக்கியது. அவ்வாண்டுக் கிளர்ச்சிகளை அடக்கிய வாரசு என்ற தளபதி ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்கிறார் யோசேப்பசு. அப்போது இயேசு மழலைப் பருவத்தினர். சிலுவை என்னும் சொல்லின் பொருளை அவ்வூர்ப் பெரியோர் கதையாகக் கேட்டறிந்தவரல்லர், கண்ணாரக் கண்டவர்.

கி.பி. 6 இல் யூதேயா நாடு உரோம அதிகாரியின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. உடனே வரி விதிப்பதற்காகக் குடிமதிப்பு எடுத்தார்கள். அதை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதா என்பவன் மக்களைத் திரட்டினான். கடவுள் ஒருவரே அரசர், பேரரசனுக்கு வரி கொடுப்பது அடிமைத்தனம் என்பது அவனுடைய முழக்கம். இதன் வேகத்தை மாத்தளை மக்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1848 இல் ஆங்கில ஆட்சியினர் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்து, தெரு வேலைக்கு ஆண்டுதோறும் ஆறு நாள் உழைப்பையோ அதற்கீடான பணத்தையோ கேட்டபோது இம்மாவட்டம் கொதித்தெழுந்தது. யூலை மாதத்தில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார்கள். படைச்சட்டம் பிறந்தது. ஓகஸ்ட் 8 ஆம் நாள் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். அளுவிகாரையில் காத்து வைத்திருந்த ஏடுகளுள் பெரும்பகுதி அக்கலவரத்திலேதான் அழிந்தது. வரி கேட்கும் அந்நியன், முடிசூடும் குடியானவன், விரைந்து வரும் தண்டனை ஆகிய மூன்றும், மாத்தளையில் 1848 இல் போலவே கலிலேயாவிலும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன.

இத்தகைய நாட்டில் அக்காலத்து யூதர் பல வழிகளை நாடினர். கோயிலின் ஆதிக்கத்தை வகித்த சதுசேயர் ஆட்சியாளரோடு இணங்கிப் போயினர். பரிசேயர் சமயச் சட்டத்தை அன்றாட வாழ்வில் நுணுக்கமாகக் கைக்கொள்வதால் மக்களைத் தூய்மை செய்ய முயன்றனர். எசேனியர் உலகைவிட்டு விலகி வாழ்ந்தனர். 1947 முதல் சாக்கடற்கரைக் குகைகளில் கிடைத்த தோற்சுருள்கள் அவர்களுடையனவென்று பலர் கருதுவர். வேறு சிலர் வாளை நம்பினர். இணங்குதல், ஒதுங்குதல், எதிர்த்தல் என்று வழிகள் பிரிந்து கிடந்த வேளையில்தான் இயேசு பேசத் தொடங்கினார்.

திபேரியுவின் ஆட்சியில் பதினைந்தாம் ஆண்டளவில், அதாவது கி.பி. 28 அல்லது 29 இல், யோவான் என்ற துறவி யோர்தான் ஆற்றங்கரையில் மக்களை மனந்திரும்ப அழைத்து நீராட்டினார். இயேசுவும் அவரிடம் நீராட்டுப் பெற்றார். கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பா, யோவானைச் சிறையிட்டுக் கொன்றான். மக்கள் அவர் பேச்சைக் கேட்டுத் திரண்டதே அவனுக்கு அச்சம் தந்தது என்று யோசேப்பசு எழுதுகிறார். போதகரின் பேச்சையே கலகமாகக் கருதும் ஆட்சி அது. இதனை அறிந்தும் இயேசு கலிலேயக் கடலோரத்தில் ஊர் ஊராகச் சென்றார். அது கடலன்று; பதின்மூன்று மைல் நீளமான நன்னீர் ஏரி. 1986 இல் நீர் வற்றியபோது அவ்வேரியின் சேற்றிலிருந்து அக்காலத்து மீன்பிடிப் படகொன்று வெளிப்பட்டது. 27 அடி நீளமுள்ள அதன் பலகைகளில் பலவகை மரத்துண்டுகள் ஒட்டுப் போடப்பட்டிருந்தன. அவருடைய முதற் சீடர்கள் இத்தகைய படகோட்டிகளே.

அவர் சேர்த்த கூட்டம் வியப்புக்குரியது. வரி தண்டிய மத்தேயுவும், தீவிரர் என்று பெயர் பெற்ற சீமோனும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். மகதலா ஊர் மரியாளும், அந்திப்பாவின் அரண்மனை அதிகாரி ஒருவரின் மனைவியாகிய யோவன்னாளும் தம் பொருளால் அக்கூட்டத்தைத் தாங்கினர். தொழுநோயாளர், ஊரார் ஒதுக்கி வைத்தோர், யூதர் வெறுத்த சமாரியர் என அவருடைய பேச்சில் இடம்பெறாதோர் இலர். இவர்கள் நடுவே அவர் மீண்டும் மீண்டும் அறிவித்தது கடவுளின் அரசு நெருங்கிவிட்டது என்பதே. அரசு என்று வந்த கிரேக்கச் சொல், உரோமரின் ஆட்சியையும் குறிக்க வழங்கிய சொல்லாகும். கேட்டவர்கள் இரண்டையும் ஒப்பு நோக்காமல் இருந்திருக்க முடியாது.

அவருடைய உவமைகள் கூலிக்காரரும் கடன்காரரும் அறிந்த உலகிலிருந்து எழுந்தவை. ஒரு திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையிலும், பின்னர் முற்பகல், நண்பகல், பிற்பகல் வேளைகளிலும், மாலையிலும் சந்தை வெளிக்குச் சென்று ஆள் அமர்த்தினார். பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே கூலியாக ஒரு தெனாரியம் கொடுத்தார். காலையில் வந்தவர்கள் முறுமுறுத்தனர். மாத்தளைத் தோட்டங்களில் 'பேர்' என்றும் 'அரைப்பேர்' என்றும் நாட்கூலி கணக்கிட்டதை அறிந்தவர்களுக்கு, மாலையில் வந்தவனுக்கும் முழுப்பேர் விழுந்தது என்றால் அதன் புதுமை உடனே விளங்கும். தெனாரியம் என்பது ஒரு நாட்கூலி. ஒரு குடும்பம் ஒரு நாள் உண்பதற்கான அளவு. எவரும் தம்மை வேலைக்கு அமர்த்தாததால் மாலைவரை சந்தையில் நின்றவனுக்கும் வீட்டிலே பசித்த வயிறுகள் உண்டு என்பதே அவ்வுவமையின் உள்ளுறை.

கடனைப் பற்றியும் அவர் பேசினார். கலிலேயாவில் வரியும் குத்தகையும் செலுத்த மாட்டாதோர் கடனில் மூழ்கி நிலமிழந்தனர். கி.பி. 66 இல் எருசலேமில் கலகம் மூண்டபோது, கலகக்காரர் முதலில் எரித்தவற்றுள் கடன் பத்திரக் களஞ்சியமும் ஒன்று. தொழிலாளியின் கடனை ஒரு தாளில் எழுதி அவனையே கைமாற்றிய 'துண்டு' முறை இலங்கைத் தோட்டங்களில் 1921 வரை இருந்தது. அத்துண்டைக் கண்டவர்கள், இயேசு தம் சீடருக்குக் கற்பித்த மன்றாட்டில் அன்றாட உணவையும் கடன் மன்னிப்பையும் அடுத்தடுத்து வைத்த காரணத்தை வினவ மாட்டார்கள்.

எருசலேமில் அவரை மடக்க எண்ணியவர்கள், பேரரசனுக்கு வரி கொடுப்பது முறையோ என்று கேட்டனர். முறை என்றால் மக்கள் வெறுப்பர்; முறையன்று என்றால் கலிலேயன் யூதாவின் வழியினர் என்று ஆட்சியினர் பிடிப்பர். அவர் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் செய்தார். திபேரியுவின் தலையும், அவன் தெய்வமாகிய அகுஸ்துவின் மகன் என்ற எழுத்தும் பொறித்த தெனாரியம் அது என்பர். நாணயத்தில் எவர் உருவம் உளதோ அதை அவரிடமே கொடுங்கள். கடவுளுக்குரியதைக் கடவுளிடம் கொடுங்கள் என்ற கருத்தில் அவர் விடை பகர்ந்தார். வாளை எடுக்கச் சொல்லாமலே, பேரரசனுக்குக் கடவுளின் இடத்தை மறுத்த விடை இது.

அவர் எருசலேமுக்குச் சென்றது பாஸ்கா விழாக் காலம். எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து முன்னோர் விடுதலை பெற்றதைக் கொண்டாடும் திருநாள் அது. மாசி மகத்தில் முத்துமாரியம்மன் கோயில் பஞ்சரதத்துக்குத் தோட்டந்தோறுமிருந்து மாத்தளை நகருக்கு மக்கள் திரள்வதைப் போல, நாடெங்கிலுமிருந்து மக்கள் எருசலேமுக்கு வருவர். விடுதலையைப் பாடும் பெருங்கூட்டத்தைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சுவர். ஆதலின் ஆளுநன் படையோடு அங்கே வந்து தங்குவான். அவ்வேளையில் இயேசு கோயில் வெளியில் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தார். தலைமைக் குரு கயபா அவரைப் பிடித்து ஆளுநன் பிலாத்துவிடம் ஒப்புவித்தார். பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்டவன். அவனுடைய பெயரும் பதவியும் பொறித்த கல் 1961 இல் செசரியா நகரில் கிடைத்தது.

சிலுவை உரோமரின் தண்டனை. அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரியது. 1968 இல் எருசலேமில் அகழ்ந்தெடுத்த குதிகால் எலும்பொன்றில், ஆணி தைத்தபடியே இருந்தது. இயேசுவின் தலைக்குமேல் வைத்த குற்றச்சாட்டு, யூதரின் அரசர் என்பது. ஆட்சியாளர் எக்காலத்தும் பொறுக்காத சொல் அரசர் என்பதே. தம்புள்ளையில் முடிசூடியவனும் அச்சொல்லுக்காகவே நாடு கடத்தப்பட்டான். இயேசுவின் மரணம் கி.பி. 30 அல்லது 33 இல் நிகழ்ந்தது என்பர்.

ஈண்டு ஒன்றை வலியுறுத்தல் வேண்டும். பிற்காலத்தில் பலர் இம்மரணத்தின் பழியை யூத மக்கள் அனைவர்மீதும் சுமத்தினர். அதன் விளைவாக ஐரோப்பாவில் அவர்கள் நூற்றாண்டுக் கணக்காகத் துன்புறுத்தப்பட்டனர். இயேசுவும் அவருடைய தாயும் முதற் சீடர்களும் யூதர்களே. ஆணை பிறப்பித்தவன் உரோமன். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பழியை வெளிப்படையாக மறுத்தது. வரலாற்றை இடஞ்சுட்டிக் கல்லாமையால் எத்துணை இரத்தம் சிந்தியது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

ஆசான் இறந்தபோது சீடர்கள் சிதறி ஓடினர். சின்னாட்களில் அவர்களே திரும்பி வந்து, அவர் உயிர்த்தெழுந்தார், தாங்கள் அவரைக் கண்டோம் என்று அறிவிக்கலாயினர். உயிர்ப்பு நம்பிக்கைக்குரிய பொருள். வரலாற்றின் அளவுகோல் அதனை அளக்காது. அஞ்சி ஓடியவர்கள் அஞ்சாது நின்றார்கள் என்பதை மட்டும் வரலாறு ஐயமின்றிக் கூறும். மூன்று நூற்றாண்டுகளின் பின், கி.பி. 313 இல் கொன்ஸ்தந்தீன் காலத்தில் அச்சமயம் உரிமை பெற்றது. அதன்பின் பேரரசின் சமயமே ஆயிற்று. சிலுவை அரசரின் கொடியில் ஏறியது. 1505 இல் போர்த்துக்கேயர் இலங்கையை அடைந்தபோது அது கப்பலின் பாயிலும் இருந்தது.

ஆயினும் மாத்தளை மலைகளுக்கு அவருடைய பெயர் வந்தது கொடியோடு மட்டுமன்று. கண்டி மன்னரால் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் வஹாக்கோட்டையில் அந்நம்பிக்கையை அமைதியாகக் காத்தனர். கோவாவிலிருந்து 1687 இல் ஏழையின் கோலத்தில் வந்து, யாழ்ப்பாணத்தில் தங்கிப் பணிசெய்த யோசேப் வாஸ் அடிகளார், 1692 இல் கண்டியில் ஒற்றர் என்று சிறைப்பட்டார். அவரும் போர்த்துக்கேயர் ஆண்ட நாட்டில் பிறந்த இந்தியரே. விடுதலை பெற்றபின், 1697 இல் வைசூரி பரவிய கண்டியில், பிறர் கைவிட்ட நோயாளரைச் சமய வேறுபாடு பாராது பேணினார். 2015 இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். பின்னர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரிடையே, 1854 இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனின் உபதேசியார்கள் லயந்தோறும் சென்று அக்கதையைத் தமிழிலே சொன்னார்கள். தோட்டத் துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் லயத்து வாசலில் அமர்ந்து கேட்டவர்கள், கூலிக்கு நிற்பவனையும் கடன்பட்டவனையும் அதில் கண்டுகொண்டார்கள். கலிலேயாவில் முதன்முதல் கேட்டவர்களும் அத்தகையோரே.

'ஆண்டவர்' என்ற சொல்லுக்கு அவர் தந்த பொருளை யோவான் நற்செய்தி ஒரு நிகழ்ச்சியாகக் காட்டுகிறது. பிடிபடுவதற்கு முந்திய இரவில், உணவுப் பந்தியிலிருந்து எழுந்து மேலாடையைக் களைந்து, இடுப்பிலே துண்டைக் கட்டிக்கொண்டு, புழுதி படிந்த சீடர்களின் கால்களை ஒவ்வொருவராய் அவர் கழுவினார். அந்நாட்டில் அது வீட்டு அடிமையின் வேலை. கைத்தாளில் எழுத்தொன்றும் விட்டுச் செல்லாத ஆசான், செவியால் மட்டுமன்றிக் கண்ணாலும் கற்கட்டும் என்று விட்டுச்சென்ற பாடம் அது.